பங்கீட்டுப் பால்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் பால் எப்படிப் பங்கிடப்பட்டது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இம்மாதம் பதில். அக்கால அளவுகளை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 பைண்ட் 568 மி.லி.; 8 பைண்ட் 1 காலன்; 1 அவுன்ஸ் 28 கிராம்; 1 ஷில்லிங்குக்கு 12 பென்னி.

பிரிட்டனில் புல்லுக்குப் பஞ்சமே கிடையாது. மாடும் உள்ளூரிலேயே இருந்தது. கப்பலில் வராத பாலுக்கு எப்படித் தட்டுப்பாடு வந்தது?
– திருநெல்வேலி வாசகர்

பால் கப்பலில் வரவில்லை. மாட்டின் தீவனம் கப்பலில் வந்தது. அங்கே புல் நன்றாக வளர்வது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் மாட்டுக்குக் காய்ந்த புல்தான் போடமுடியும். அது மாட்டின் உடம்பைக் காப்பாற்றும், மடியை நிறைக்காது. அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு காலனுக்கும், அதாவது நாலரை லிட்டருக்கும், சுமார் 1.8 கிலோ அடர்தீவனம் வைக்கவேண்டும். பிண்ணாக்கு, மக்காச்சோளம், தவிடு எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. போருக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டன் தீவனச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. போரின் நடுவில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. கப்பலில் இருந்த இடம் மனிதர் உண்ணும் கோதுமைக்கும் போர்த்தளவாடங்களுக்கும் போய்விட்டது.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்து நிலக்கடலை போருக்கு முன் ஐரோப்பிய எண்ணெய் ஆலைகளுக்குப் பெருமளவில் போயிற்று. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு அங்கத்து மாடுகளுக்கு. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் அந்தச் சந்தை மூடிக்கொண்டது. அங்கே மாட்டுக்குத் தீவனம் இல்லை, இங்கே கடலைக்கு விலை இல்லை.

இரண்டாவது காரணம், மேய்ச்சல் நிலத்தையே உழுதுவிட்டார்கள். நிரந்தரப் புல்வெளியை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு மானியம் என்று 1939இல் அறிவித்தார்கள். 1944க்குள் சுமார் 60 லட்சம் ஏக்கர் கூடுதலாக ஏரின்கீழ் வந்தது. ஒரு ஏக்கர் கோதுமையும் உருளைக்கிழங்கும் எத்தனை பேருக்குச் சோறு போடும், அதே ஏக்கர் புல்லைத் தின்ற மாடு எத்தனை பேருக்குப் போடும் என்று கணக்குப் பார்த்தால் உழுததில் தவறில்லை. தீவனத்தைப் பிரித்தபோது பன்றியையும் கோழியையும் சுருக்கிவிட்டு, கறவை மாட்டுக்கு முதலிடம் தந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பால் கேட்பவர்கள் கூடினார்கள். 1940 ஜூலையில் தேசியப் பால் திட்டம் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாளுக்கு ஒரு பைண்ட் பால் 2 பென்னிக்கு. மிக வறிய வீடுகளுக்கு இலவசம். அதுவரை பால் வாங்க வசதியில்லாதிருந்த வீடுகள் அப்போதுதான் வாங்கத் தொடங்கின. போருக்கு முன், விவசாயிகளிடம் பாலை வாங்கி விற்ற பால் விற்பனைக் கழகத்துக்கு வந்த பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. அதைக் குடிக்கும் பாலாகத் திருப்பியும் போதவில்லை.

பிண்ணாக்கு இல்லாத குளிர்காலத்தை அந்த விவசாயிகள் எப்படிச் சமாளித்தார்கள்? ஊறுகாய்ப்புல் போட்டார்களா?
– நாமக்கல் வாசகர்

போட்டார்கள். பச்சைப்புல்லைக் காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைத்துச் சேமிக்கும் ‘சைலேஜ்’தான் ஊறுகாய்ப்புல். 1940 முதல் வேளாண் துறை அதற்கென்று பிரசாரமே நடத்தியது. அதோடு ஓட்ஸும் பயறும் கலந்து விதைத்த தீவனம், மாட்டுக்கோஸ், கிழங்கு வகைகளும் உண்டு. 1941 முதல் அடர்தீவனத்துக்கும் கூப்பன் வந்துவிட்டது; விற்ற பாலின் அளவைப் பார்த்துத்தான் கூப்பன் கிடைக்கும்.

ஊறுகாய்ப்புல்லுக்கு அவர்கள் சொன்ன முறை இன்றும் பொருந்தும். புல்லைப் பூ வருமுன் இளசாக அறுக்கவேண்டும். புரதம் அப்போதுதான் மிகுதி. ஆனால் இளம்புல்லில் சர்க்கரை போதாது. புளிப்பேற்றும் நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரைதான் உணவு. அதனால் ஒரு டன் பச்சைப்புல்லுக்கு 8 முதல் 10 கிலோ கரும்புப்பாகுக் கழிவை அதே அளவுக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, பூவாளியால் அடுக்கடுக்காகத் தெளிப்பார்கள். தண்டு முற்றிய தானியப் பயிருக்கு அவ்வளவு வேண்டாம்.

அடுத்தது மிதிப்பது. நடுவில் புல் தன் பாரத்திலேயே அமுங்கிவிடும், ஓரம் அமுங்காது. கெடுவது எப்போதும் ஓரத்தில்தான், ஆகவே சுவரை ஒட்டி மிதிக்கவேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் சூடு ஏறும். 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. 50 தாண்டினால் புல் கரும்பழுப்பாகிப் புகையிலை மணம் அடிக்கும். மாடு அதை ஆசையாகத் தின்னும், ஆனால் புரதம் வெந்துபோய் மாட்டுக்குச் செரிக்காது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மழையில் நனைந்த புல்லை அப்படியே திணித்தால் சூடே ஏறாமல் அழுகிய வெண்ணெய் நாற்றம் வரும். அந்த நாற்றம் பாலிலும் ஏறும் என்பதால் கறந்த பிறகே வைக்கவேண்டும், கறப்பதற்கு முன் கூடாது. கடைசியில் மேலே ஒரு சாண் மண் போட்டு மூடிவிடுவார்கள்.

பாலுக்குக் கூப்பன் உண்டா? ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கிடைத்தது?
– புதுச்சேரி வாசகி

சர்க்கரை, வெண்ணெய்போல் தலைக்கு இவ்வளவு என்ற நிலையான பங்கீடு பாலுக்கு இல்லை. கெடாமல் நிற்கும் பண்டத்தை இருப்பு வைத்துச் சமமாகப் பிரிக்கலாம். பால் ஜூனில் பெருகும், நவம்பரில் வற்றும், நாலு நாள்கூட நிற்காது. அதனால் 1941 நவம்பர் முதல் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு பால்காரரிடம் பதிவுசெய்துகொள்ளவேண்டும். பால்காரர் தம்மிடம் பதிந்தவர்களில் முன்னுரிமைக்காரர்களுக்கு முழு அளவையும் முதலில் தந்துவிடவேண்டும். மிஞ்சியதை மற்றவர்களுக்கு, அந்த வாரம் உணவு அமைச்சகம் அறிவிக்கும் அளவுப்படி, பிரித்துத் தரவேண்டும்.

முன்னுரிமைக்காரர்கள் யார் என்பது பங்கீட்டுப் புத்தகத்தின் நிறத்திலேயே தெரியும். கர்ப்பிணிக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பச்சைப் புத்தகம், வாரம் 7 பைண்ட். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலப் புத்தகம், வாரம் மூன்றரை பைண்ட். இதைத் தவிரப் பள்ளியில் மூன்றில் ஒரு பைண்ட் பால் அரைப் பென்னிக்கு. அது 1934 முதலே நடந்துவந்த திட்டம். நோயாளிகளுக்கு மருத்துவர் சான்று பார்த்து, நோய்க்கேற்ப. மற்றப் பெரியவர்களுக்கு வாரம் சுமார் 3 பைண்ட், குளிர்காலத்தில் 2 வரை இறங்கும். 2 பைண்ட் என்றால் நாளுக்கு 160 மி.லி. நம் வீட்டு டம்ளரில் ஒன்றுக்கும் குறைவு. காலைத் தேநீர், மாலைத் தேநீர், சமையல் எல்லாம் அதற்குள்.

எல்லாருக்கும் சமமாகப் பிரித்திருந்தால் கணக்கு எளிது, சண்டையும் குறைந்திருக்கும். ஆனால் பல் முளைக்கும் குழந்தைக்குப் பாலுக்கு மாற்று இல்லை, பெரியவருக்கு உண்டு. சமமாகக் கொடுக்காமல் தேவைப்பட்டவருக்கு முதலில் கொடுத்ததுதான் இந்தத் திட்டத்தின் உயிர்.

பால் வண்டிகளையும் சேர்த்தே ஒழுங்குபடுத்தினார்கள். முன்பு ஒரே தெருவுக்குப் பல பால்காரர்கள் வருவார்கள். 1942 முதல் பெரும்பாலான இடங்களில் ஒரு தனியார், ஒரு கூட்டுறவுச் சங்கம் என்று இரண்டாகக் குறைத்தார்கள். பெட்ரோலும் டயரும் ஆளும் மிச்சம்.

பால் பவுடர் கரைக்கும்போது கட்டி தட்டுகிறது. போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு பவுடர் கொடுத்தார்களாமே, அவர்கள் எப்படிக் கரைத்தார்கள்?
– கரூர் வாசகி

அந்த டின்னுக்கு ‘ஹவுஸ்ஹோல்ட் மில்க்’ என்று பெயர். 1941 டிசம்பர் முதல் வந்தது, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. கொழுப்பு நீக்கிய பவுடர். ஒரு டின் 9 பென்னி, 4 பைண்ட் பால் ஆகும், பங்கீட்டுப் புத்தகம் ஒன்றுக்கு நாலு வாரத்துக்கு ஒரு டின். அளவு: 1 பைண்ட் தண்ணீருக்கு 4 மேசைக்கரண்டி, தலை தட்டி. நம் கணக்கில் 100 மி.லி. தண்ணீருக்கு 9 முதல் 10 கிராம்.

கட்டி தட்டுவதற்குக் காரணம், பவுடர் உருண்டையின் வெளிப்புறம் முதலில் நனைந்து பசைபோல் மூடிக்கொள்கிறது. உள்ளே தண்ணீர் போக வழியில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அந்தப் பசை இன்னும் இறுகும். கையால் தொட்டால் இதமாகத் தெரிகிற, 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர்தான் சரி. தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, அதன்மேல் பவுடரைத் தூவி, உடனே முட்டை அடிக்கும் கம்பியால் அடிக்கவேண்டும். பவுடரைப் பாத்திரத்தில் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கம்பி இல்லையென்றால் பவுடருக்குச் சிறிது தண்ணீர் விட்டு முதலில் கூழாகக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேருங்கள். கரைத்தபின் அரைமணி நேரம் வைத்திருந்தால் பவுடர் வாசனையும் குறையும்.

இதையெல்லாம் செய்தும் அடியில் மாவுபோல் படிந்தால் குறை பவுடரில் இருக்கலாம். அக்காலத்தில் சூடான உருளைமேல் பாலை ஊற்றி உலர்த்திச் சுரண்டிய பவுடரும் புழங்கியது. அந்தச் சூட்டில் புரதம் வெந்துவிடுவதால் முழுக்கக் கரையாது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சூடான காற்றில் தூவி உலர்த்தியது, நன்றாகக் கரையும்.

காய்ச்சும்போது அடிபிடிக்காமலிருக்கப் பாத்திரத்தை முதலில் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு பால் ஊற்றவேண்டும். ரொட்டி, பணியாரம் போன்றவற்றுக்குக் கரைக்கவே வேண்டாம். பவுடரை மாவோடு சலித்துக் கலந்துவிட்டுத் தண்ணீர் விட்டால் போதும். தயிர் தோய்க்க மட்டும் 100 மி.லி.க்கு 12, 13 கிராம் போடுங்கள், இல்லையேல் தண்ணீர் விட்டுக்கொள்ளும். டின்னைத் திறந்தபின் ஈரக் கரண்டி படக்கூடாது. கரைத்த பால் சாதாரணப் பாலைப்போலவே கெடும், அன்றன்றைக்குத்தான் கரைக்கவேண்டும்.

அதே பவுடரைக் கைக்குழந்தைக்குக் கொடுத்தார்களா?
– யாழ்ப்பாணம் வாசகி

கூடாது. கொழுப்பை எடுக்கும்போது ஏ, டி உயிர்ச்சத்துகளும் போய்விடுகின்றன. கைக்குழந்தைக்கு வேறு டின் இருந்தது: ‘நேஷனல் டிரைடு மில்க்’, 1940 இறுதியில் வந்தது, டி உயிர்ச்சத்துச் சேர்த்தது. 20 அவுன்ஸ் டின் 1 ஷில்லிங் 2 பென்னி, 7 பைண்ட் ஆகும். பைண்டுக்கு 2 பென்னி என்ற அதே கணக்கு, தாய் திரவப் பாலை எடுத்தாலும் டின்னை எடுத்தாலும் செலவு ஒன்றே. இதோடு மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் தாய்–சேய் நல நிலையங்களில் கிடைத்தன.

இந்த டின்னில் பின்னாளில் இரண்டு கோளாறுகள் வெளிப்பட்டன. பால், மீன் எண்ணெய், குழந்தைத் தானிய உணவு என்று மூன்றிலும் டி உயிர்ச்சத்துச் சேர்ந்ததால் சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்துவிட்டது. 1957இல் அளவைக் குறைத்தார்கள். மற்றொன்று அளவுக் கரண்டி. குழந்தை நன்றாக வளரட்டும் என்று தாய்மார் கரண்டியைக் குவித்தோ அழுத்தியோ அளந்தார்கள். பால் திக்காகி உப்பு மிகும். குழந்தை தாகத்தில் அழும். பசி என்று நினைத்து மறுபடி அதே பாலைக் கொடுப்பார்கள். காய்ச்சலோ பேதியோ உள்ள குழந்தைக்கு இது உயிருக்கே ஆபத்து. எந்தக் குழந்தைப் பவுடராக இருந்தாலும் அதனுடன் வரும் கரண்டியால், கத்தி முதுகால் தலை தட்டி, டின்னில் எழுதிய அளவுதான். ஒரு கரண்டிகூடக் கூடாது. தாய்ப்பால் இருக்கும்போது டின் தேவையே இல்லை.

குளிர்பதனப் பெட்டி இல்லாமல் பாலை எப்படி வைத்திருந்தார்கள்?
– திருச்சி வாசகர்

பெரும்பாலான வீடுகளில் அப்போது பெட்டி கிடையாது. கோடைக்குச் சொன்ன முறை இது: பால் வந்ததும் விரைவாக ஒரு கொதி விட்டு, பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆற்றி, மூடிவிடுவது. மெல்ல ஆறினால் மிஞ்சிய நுண்ணுயிர்கள் அந்த இளஞ்சூட்டில்தான் பெருகும். நேற்றைய பாலை இன்றைய பாலோடு சேர்க்கவே கூடாது.

குளிர வைக்க, தண்ணீர் ஊற்றிய தட்டில் புட்டியை நிறுத்தி, மெல்லிய துணியால் போர்த்தி, துணியின் நுனி தண்ணீரில் நனைந்திருக்குமாறு காற்றோட்டத்தில் வைப்பார்கள். நம் மண்பானை வேலை செய்யும் அதே முறை. திருச்சி, மதுரைக் கோடையில் நன்றாகப் பலிக்கும். கடலோரப் புழுக்கத்தில் ஈரம் ஆவியாகாது, பலன் மிகக் குறைவு. வெயில் படாமல் வைப்பதும் முக்கியம்; கண்ணாடிப் புட்டியில் வெயில் பட்டால் ரிபோஃப்ளேவின் என்ற பி2 சத்து அழிந்து, காகிதம் எரிந்தாற்போல் ஒரு சுவை ஏறிவிடும்.

தட்டுப்பாடு வந்தால் பாலில் தண்ணீர் கலப்பது கூடுமே. எப்படிப் பிடித்தார்கள்?
– வேலூர் வாசகர்

பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் மட்டும் போதாது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி இறங்கும், கொழுப்பை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தவனின் பால் 1.028–1.034 என்ற நல்ல பாலின் எல்லைக்குள்ளேயே நிற்கும். அதனால் கொழுப்பையும், கொழுப்பல்லாத திடப்பொருளையும் தனித்தனியே அளந்தார்கள். 1901ஆம் ஆண்டு விதிப்படி கொழுப்பு 3 சதவீதம், மற்றத் திடப்பொருள் 8.5 சதவீதம், இதற்குக் குறைந்தால் கலப்படம் என்ற ஐயம். கணக்கு எளிது: திடப்பொருள் 7.65 என்றால் 8.5க்கு 0.85 குறைவு, அதாவது பத்தில் ஒரு பங்கு தண்ணீர்.

போர்க்காலத்தில் இந்தக் கணக்கு நேர்மையானவரையும் மாட்டிவிடும். தீவனம் போதாத மாட்டின் பாலில் திடப்பொருள் தானாகவே 8.5க்குக் கீழே இறங்கும். அப்போது உறைநிலையைத்தான் நம்பவேண்டும். மாடு மெலிந்தாலும் பாலின் உறைநிலை மைனஸ் 0.54 டிகிரியை ஒட்டியே இருக்கும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தால் மைனஸ் 0.49க்கு வந்துவிடும். ஒரு விவசாயியின் பெயரைக் காப்பாற்றும் சோதனை அது.

பச்சைப்பாலில் காசநோய் பரவியதாகப் படித்தேன். பங்கீட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– கோவை வாசகர்

உண்டு. மாட்டுக் காசநோயால் 1930களில் பிரிட்டனில் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். போரில் பல பண்ணைகளின் பாலை ஒரே தொட்டியில் கலந்தபோது ஒரு நோய்மாட்டின் பால் ஆயிரம் வீடுகளுக்குப் போகும் நிலை வந்தது. குழந்தைகளைப் பால் குடிக்கச் சொல்லிவிட்டு அந்தப் பாலைச் சுத்தமாக்காமல் இருக்க முடியாது. 63 முதல் 65 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி உடனே குளிர்விப்பது அப்போதைய முறை. சூடு போதுமா என்பதை பாஸ்படேஸ் சோதனை காட்டிக்கொடுக்கும்: பாலில் இயற்கையாக உள்ள அந்த நொதி, காசக்கிருமி சாகும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான சூட்டில்தான் அழியும். நொதி மிச்சமிருந்தால் சூடு குறைந்திருக்கிறது, அல்லது பச்சைப்பால் கலந்திருக்கிறது.

பால் கட்டுப்பாடு எப்போது முடிந்தது?
– சேலம் வாசகர்

1950இல். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மட்டும் 1954 மே வரை பங்கீட்டில் இருந்தன.

பாலேடு (கிரீம்) விற்கத் தடை இருந்ததாமே? அதற்குப் பதிலாக வீட்டில் செய்த ‘போலிப் பாலேடு’ செய்முறை வேண்டும்.
– மதுரை வாசகி

1940 இலையுதிர்காலத்தில் தடை வந்தது. ஒரு லிட்டர் பாலேட்டுக்குப் பல லிட்டர் பால் போய்விடும். மாற்றாக வீட்டில் செய்தது இது: சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) 15 கிராம், பால் 140 மி.லி., மார்ஜரின் (செயற்கை வெண்ணெய்) 40 கிராம், சர்க்கரை 3 தேக்கரண்டி, வெனிலா சில துளி.

சோளமாவைச் சிறிது குளிர்ந்த பாலில் கரைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாலைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்து, கைவிடாமல் கிளறி மூன்று நிமிடம் வேகவிடுங்கள். வேகாவிட்டால் பச்சை மாவு வாசனை போகாது. மேலே ஏடு கட்டாமல் நடுநடுவே கிளறி, முழுக்க ஆறவிடுங்கள். மார்ஜரினையும் சர்க்கரையையும் தனியே வெளுக்கும்வரை அடித்து, ஆறிய கூழை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடிக்கவேண்டும். கூழில் சூடு இருந்தால் மார்ஜரின் உருகி எண்ணெய் பிரியும். பிரிந்துவிட்டால் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கால்மணி நேரம் வைத்து, மறுபடி அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.